மலைநாட்டுக் குளத்து மீனுக்குக் கனியுப்பு: எதை, எவ்வளவு, எப்படிக் கொடுப்பது

இலங்கை மலைநாட்டில், பொகவந்தலாவையிலோ ராகலையிலோ ஹப்புத்தளையிலோ லயத்துக்குப் பக்கத்தில் சீமெந்துத் தொட்டி கட்டி, பீலித் தண்ணீரை விட்டுக் கெண்டைக் குஞ்சு போடுகிறவர்கள் தீனியில் புரதம் எத்தனை சதவீதம் என்று சரியாகவே கேட்கிறார்கள். கனியுப்பை, அதாவது கல்சியம், பொஸ்பரஸ், நாகம் போன்ற தாதுச் சத்துகளைப் பற்றிக் கேட்பவர்கள் குறைவு. இரண்டு மூன்று மாதம் கழித்து முதுகு வளைந்த குஞ்சும் வெள்ளை விழுந்த கண்ணும் தெரியும்போதுதான் கேள்வி வருகிறது. அதற்குள் காலம் கடந்துவிடும். வளைந்த எலும்பு பிறகு நிமிராது.

தாழ்நாட்டு வறண்ட வலயத்துக் குளங்களில் இதே தீனியைக் கொடுத்து ஒருவர் நன்றாக மீன் வளர்த்திருக்கலாம். அவருடைய தண்ணீர் வேறு, உங்களுடைய தண்ணீர் வேறு. இந்த வழிகாட்டி அந்த வித்தியாசத்திலிருந்து தொடங்குகிறது.

தண்ணீர் கொடுப்பது எது, தீனி கொடுக்க வேண்டியது எது

நன்னீர் மீன் தண்ணீரைக் குடிப்பதே இல்லை என்று சொல்லிவிடலாம். ஆனால் செவுள் வழியாகத் தண்ணீரிலுள்ள கல்சியம், மெக்னீசியம், சோடியம், பொட்டாசியம், குளோரைட்டு ஆகியவற்றை நேரடியாக இழுத்துக்கொள்ளும். தண்ணீர் கடினமாக இருந்தால் கல்சியத் தேவையில் பெரும் பகுதி தீனி இல்லாமலே தீர்ந்துவிடும்.

பொஸ்பரஸ் அப்படி வராது. இயற்கைத் தண்ணீரில் அது மிகமிகக் குறைவு. எலும்பு, செதில், உடம்பின் ஒவ்வோர் உயிரணு, எல்லாவற்றுக்கும் வேண்டிய பொஸ்பரஸ் வாய் வழியாகத்தான் போக வேண்டும். நாகம் (ஸிங்க்), மங்கனீசு, செம்பு, இரும்பு, செலனியம், அயடீன் ஆகிய நுண்சத்துகளுக்கும் தீனிதான் முக்கியம்.

மலைநாட்டுத் தண்ணீர் பழைய கடினப் பாறைகளின் மேலும் மழையில் கழுவுண்ட புளிப்பு மண்ணின் மேலும் ஓடி வருவது. அதில் கரைந்த உப்பு கொஞ்சம். சவர்க்காரம் நன்றாக நுரைக்கும் மென்மையான தண்ணீர் என்பது குளிக்கிறவருக்கு நல்ல செய்தி, மீனுக்கு அல்ல. தாழ்நாட்டில் தண்ணீர் சும்மா கொடுக்கும் கல்சியத்தை இங்கே நீங்கள் காசு கொடுத்தோ உழைத்தோ சேர்க்க வேண்டும்.

முதல் படி: தண்ணீரை அளந்து பாருங்கள்

அலங்கார மீன் கடைகளில் துளி விட்டு நிறம் பார்க்கும் இரண்டு சிறு போத்தல்கள் கிடைக்கும். ஒன்று மொத்தக் கடினத்தன்மைக்கு (கரைந்த கல்சியமும் மெக்னீசியமும்), மற்றது காரத்தன்மைக்கு (தண்ணீர் புளிப்பைத் தாங்கும் சக்தி). ஐந்து மில்லி லீட்டர் தண்ணீரில் ஒவ்வொரு துளியாக விட்டு, நிறம் மாறும்வரை எண்ண வேண்டும். ஒரு துளி ஒரு பாகை. ஒரு பாகை என்பது லீட்டருக்கு ஏறத்தாழ 18 மி.கி. கல்சியம் காபனேற்று. தோட்டத்து ஊற்றுத் தண்ணீர் பலவற்றில் ஓரிரு துளியிலேயே நிறம் மாறிவிடும்.

இரண்டு அளவும் லீட்டருக்கு 20 மி.கி.க்குக் கீழே இருந்தால் திருத்தம் கட்டாயம். 50 மி.கி.க்கு மேல் வைத்திருக்கப் பாருங்கள். பி.எச். (7க்குக் கீழே புளிப்பு, மேலே காரம்) பார்க்கும் காகிதத்தையும் வாங்கி வையுங்கள். காலை ஆறு மணிக்கு ஒரு தடவையும் பின்னேரம் மூன்று மணிக்கு ஒரு தடவையும் பாருங்கள். காரத்தன்மை குறைந்த தண்ணீரில் இந்த இரண்டு அளவுக்கும் இடையே பெரிய ஊசலாட்டம் இருக்கும்.

மழைக்காலத்தில் மறுபடி அளக்க வேண்டும். கினிகத்தேனை, வட்டவளை, ஹட்டன் பக்கம் வைகாசி தொடக்கம் புரட்டாதி வரை தென்மேல் பருவமழை. பதுளை, பண்டாரவளை பக்கம் மார்கழி, தை மாதங்களில் வடகீழ் மழை. அடைமழையில் தொட்டித் தண்ணீர் முழுவதும் மாறிப்போகும், அளந்து வைத்த கணக்கும் அதோடு போய்விடும். புளிப்பு மண்ணைக் கழுவிவரும் வெள்ளத்தில் அலுமினியமும் கரைந்து வரும். அது செவுளில் படிந்து, மீன் தண்ணீரிலிருந்து உப்பு எடுக்கும் வேலையைக் குழப்பும். பெருமழை நேரத்தில் வாய்க்காலை மூடி, தெளிந்தபின் திறப்பதுதான் நல்லது.

இரண்டாம் படி: குளத்துக்கு டொலமைட்

தேயிலைக்கு மிகப் பிடித்த மண் பி.எச். 4.5 முதல் 5.5 வரை. அதே மண்ணில் வெட்டிய குளம் மீனுக்குப் புளிப்பு. நல்ல வேளையாக, கவாத்து வெட்டிய மலைக்குப் போடும் டொலமைட் தோட்டங்களில் எல்லாரும் அறிந்த பொருள். அதில் கல்சியமும் மெக்னீசியமும் சேர்ந்தே இருக்கின்றன, மீன் குளத்துக்கும் அதுவே சரி.

குளத்தை வற்றவிட்டு, அடி மண்ணில் நாலைந்து இடத்தில் எடுத்துக் கலந்து, சம அளவு சுத்தமான மழைத் தண்ணீரில் கரைத்து, பி.எச். பாருங்கள். 5.5க்கும் 6.5க்கும் இடையில் இருந்தால் சதுர மீட்டருக்கு 100 முதல் 200 கிராம் டொலமைட். 5.5க்குக் கீழே என்றால் 200 முதல் 400 கிராம். பேர்ச் கணக்கில் சொன்னால், 200 கிராம் என்பது ஒரு பேர்ச்சுக்கு ஏறத்தாழ 5 கிலோ. மூன்று பேர்ச் குளத்துக்கு 15 கிலோ. கரையிலும் அடியிலும் சமமாகத் தூவி, மண்வெட்டியால் மேல் மண்ணோடு கொத்திக் கலந்துவிடுங்கள். குவியலாகக் கிடந்தால் கரையாமல் கிடக்கும்.

மாட்டெருவோ பசளையோ போடுவதாக இருந்தால் டொலமைட் போட்டு இரண்டு கிழமை கழித்துப் போடுங்கள். இரண்டையும் ஒன்றாகப் போட்டால் பசளையிலுள்ள பொஸ்பரஸைச் சுண்ணாம்பு பிடித்துக்கொண்டு அடியில் படிந்துவிடும், பாசி வளராது.

வெற்றிலைக்குப் போடுகிற, வீட்டுக்குப் பூசுகிற நீற்றுச் சுண்ணாம்பை மீன் இருக்கும் தண்ணீரில் கொட்டவே கூடாது. மென்மையான தண்ணீரில் ஒரு மணி நேரத்துக்குள் பி.எச். 10, 11 என்று ஏறி மீன் செத்து மிதக்கும். வற்றிய குளத்தைக் கிருமி நீக்க மட்டும் அதைப் பாவிக்கலாம். டொலமைட்டில் அந்த ஆபத்து இல்லை. மீன் இருக்கும்போதும் கரைத்துத் தெளிக்கலாம்.

பீலித் தண்ணீர் இரவும் பகலும் ஓடிக்கொண்டிருக்கும் தொட்டியில் டொலமைட் தூவுவது வீண். மூன்று நான்கு கிழமைக்குள் தண்ணீர் முழுவதும் மாறிவிடுகிற எந்த இடத்திலும் போட்டதெல்லாம் கீழே ஓடிவிடும். அப்படிப்பட்ட தொட்டிக்குத் தண்ணீர் வரும் வழியில் ஓர் அரைப் பீப்பாய் வைத்து, சுண்ணாம்புக் கல் சல்லியை நிரப்பி, தண்ணீரை அதன் ஊடாக விடலாம். கொஞ்சம்தான் ஏறும். கல்லின் மேல் வழுவழுப்பாகப் பாசி படிந்ததும் அதுவும் நின்றுவிடும் என்பதால் இரண்டு கிழமைக்கொரு தடவை தேய்த்துக் கழுவ வேண்டும். ஓடும் தண்ணீர்த் தொட்டி வைத்திருப்பவர்கள் முழுச் சுமையையும் தீனிதான் தாங்க வேண்டும் என்று கணக்கிடுவதே பாதுகாப்பு.

மூன்றாம் படி: எந்த மீன் என்று தீர்மானியுங்கள், வயிறு வேறு

மீனின் வகை கனியுப்புக் கணக்கையே மாற்றிவிடும். புதியவர்கள் பலர் தவறவிடும் இடம் இதுதான்.

திலாப்பியாவுக்கு இரைப்பை உண்டு. அதில் ஊறும் அமிலம் மிகக் கடுமையானது, எலும்புத் தூளையும் கரைக்கும். சாதாக் கெண்டை, புல் கெண்டை, ரோகு, கட்லா, மிரிகால் ஆகிய கெண்டைக் குடும்பத்து மீன் எதற்கும் இரைப்பை கிடையாது. தின்றது தொண்டையிலிருந்து நேரே குடலுக்குப் போகும், அங்கே அமிலம் இல்லை. அதனால் எலும்பிலுள்ள பொஸ்பரஸ் கெண்டையின் குடலுக்குள் புகுந்து பெரும்பாலும் அப்படியே வெளியே வந்துவிடும்.

உயரமும் சேர்ந்து முடிவு சொல்கிறது. நுவரெலியா 1,868 மீட்டர். அங்கே ஆண்டுச் சராசரி வெப்பம் ஏறத்தாழ 16 பாகை செல்சியஸ். திலாப்பியா 28 பாகையை ஒட்டித்தான் நன்றாக வளரும், 16, 17 பாகையில் தீனியைத் தொடாது. எனவே பதுளை, நாவலப்பிட்டி, கம்பளை போன்ற தாழ்ந்த பகுதிகளில் திலாப்பியா சரிவரும். ஹட்டனுக்கு மேலே சாதாக் கெண்டைதான் பொருந்தும். அதாவது உயரத்தில், தண்ணீர் மிக மென்மையான இடத்தில், இரைப்பை இல்லாத மீனைத்தான் நீங்கள் வளர்க்கப் போகிறீர்கள். மலைநாட்டில் பொஸ்பரஸ் குறை ஏன் அடிக்கடி வரக்கூடியது என்பதற்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை.

தீனியில் இருக்க வேண்டிய, மீன் உண்மையில் எடுத்துக்கொள்ளக்கூடிய பொஸ்பரஸ்: சாதாக் கெண்டைக்கு 0.6 முதல் 0.7 சதவீதம், திலாப்பியாவுக்கு 0.4 முதல் 0.5 சதவீதம். ட்ரவுட் மீனுக்கு இரைப்பை இருந்தாலும் தேவை கெண்டையை ஒட்டியதே.

நான்காம் படி: கணக்குப் போடுங்கள்

மலைநாட்டில் கிடைக்கும் பொருட்களைக் கொண்டு 10 கிலோ தீனிக்கு ஒரு கலவை: அரிசித் தவிடு 3 கிலோ, வறுத்து எண்ணெய் எடுத்த சோயாத் தூள் 3 கிலோ, மீன் தூள் 1.5 கிலோ, தேங்காய்ப் புண்ணாக்கு 1.2 கிலோ, கோதுமை மா 1 கிலோ, தேங்காயெண்ணெய் 100 கிராம். மிச்ச இடம் கனியுப்புக்கும் விற்றமினுக்கும். புரதம் ஏறத்தாழ 29 சதவீதம் வரும், வளரும் கெண்டைக்குப் போதும்.

இதில் மொத்தப் பொஸ்பரஸ் எவ்வளவு? தவிட்டில் 1.5 சதவீதம் என்று வைத்தால் 45 கிராம். சோயாவில் 20 கிராம். மீன் தூளில் 42 கிராம். புண்ணாக்கில் 7 கிராம். மாவில் ஒரு கிராம். மொத்தம் 115 கிராம், அதாவது 1.15 சதவீதம். தேவை 0.7 தானே, தாராளமாக இருக்கிறதே என்று தோன்றும்.

தோற்றம்தான். தவிடு, சோயா, புண்ணாக்கில் உள்ள பொஸ்பரஸில் மூன்றில் இரண்டு பங்கை ஒட்டி பைட்டேற்று என்ற கட்டுக்குள் கிடக்கிறது. அந்தக் கட்டை அவிழ்க்கும் நொதி மீனிடம் இல்லை. கெண்டை தவிட்டுப் பொஸ்பரஸில் கால் பங்கைத்தான் எடுக்கும், அதாவது 11 கிராம். சோயாவில் 8 கிராம், புண்ணாக்கில் 2 கிராம் என்று வைக்கலாம். மீன் தூளில் இருப்பது எலும்புப் பொஸ்பரஸ். கெண்டை அதில் கால் பங்கை எடுத்தால் 10 கிராம். எல்லாம் சேர்ந்து 31 கிராம், 0.31 சதவீதம். தேவையில் பாதிதான்!

இதே தீனியைத் திலாப்பியா தின்றால், மீன் தூளிலிருந்து மட்டும் 25 கிராம் எடுக்கும். மொத்தம் 46 கிராம், 0.46 சதவீதம். தேவையை ஒட்டி வந்துவிடுகிறது. ஒரே மூட்டைத் தீனி பக்கத்து வீட்டுத் திலாப்பியாவை நன்றாக வளர்க்கும், உங்கள் கெண்டையின் முதுகை வளைக்கும். தீனியில் இருப்பது ஒரு கணக்கு, மீனுக்குக் கிடைப்பது இன்னொரு கணக்கு.

ஐந்தாம் படி: குறையை எதனால் நிரப்புவது

கெண்டைக்கு ஏற்றது மொனோகல்சியம் பொஸ்பேட், சுருக்கமாக எம்.சி.பி. அதில் 22 சதவீதம் பொஸ்பரஸ். தண்ணீரில் கரையக்கூடியது என்பதால் இரைப்பை இல்லாத மீனும் அதில் 94 சதவீதத்தை எடுத்துக்கொள்ளும். 100 கிராம் போட்டால் 20 கிராமுக்குச் சற்று மேல் கிடைக்கும். மேலே சொன்ன 10 கிலோவுக்கு 150 முதல் 180 கிராம் போடுங்கள். திலாப்பியாவுக்கு 50 கிராம் போதும்.

கால்நடைத் தீனிக் கடைகளில் எளிதாகக் கிடைப்பது டைகல்சியம் பொஸ்பேட், டி.சி.பி. இதில் 18 சதவீதம் பொஸ்பரஸ், ஆனால் கெண்டை அதில் பாதிக்கும் குறைவாகவே எடுக்கும். எம்.சி.பி. 150 கிராம் செய்யும் வேலைக்கு டி.சி.பி. 375 கிராம் வேண்டும். கல்சியமும் கூடவே மிகுந்து, நாகத்தைக் குடல் எடுக்கவிடாமல் தடுக்கும். வேறு வழியே இல்லை என்றால் மட்டும் டி.சி.பி. வாங்குங்கள். திலாப்பியாவுக்கு அது நன்றாகவே பயன்படும்.

எலும்புத் தூள் கெண்டைக்கு வீண்செலவு. தேயிலைக்குப் போடும் எப்பாவலைப் பாறைப் பொஸ்பேட் தோட்டத்து ஸ்டோரில் இருக்கிறதே என்று எடுத்துத் தீனியில் கலக்க வேண்டாம். அது அப்பற்றைட்டுக் கல்லின் தூள். புளிப்பு மண்ணில் வருடக்கணக்கில் கரைவதற்கானது, மீனின் குடலில் கரையாது, அதில் புளோரீனும் உண்டு. பசளைத் தரமான எந்தப் பொஸ்பேட்டும் தீனிக்கு ஆகாது. மூட்டையில் தீவனத் தரம் என்று எழுதியிருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள்.

குறைகிறதே என்று இரட்டிப்பாகக் கொட்டுவதும் தவறு. மீன் எடுக்காத பொஸ்பரஸ் கழிவுத் தண்ணீரோடு கீழே போகும். உங்கள் தொட்டிக்குக் கீழே இன்னொரு லயத்தின் பீலி இருக்கும், அதற்கும் கீழே ஆறு, அதற்கும் கீழே நீர்த்தேக்கம். தேங்கிய தண்ணீரில் பொஸ்பரஸ் சேர்ந்தால் என்ன ஆகும் என்பதற்குக் கண்டி வாவி பாசி பிடித்துப் பச்சையான காலங்களே சாட்சி. தொட்டியிலிருந்து வெளியேறும் தண்ணீரை மரக்கறிப் பாத்திக்குத் திருப்பிவிடுங்கள். கரட்டுக்கும் லீக்ஸுக்கும் அது பசளை.

பைட்டேற்றை அவிழ்ப்பது

காசு செலவில்லாத ஒரு வழி இருக்கிறது. கோதுமைத் தவிட்டில் பைட்டேற்றை உடைக்கும் நொதி இயல்பாகவே நிறைய உண்டு, அரிசித் தவிட்டில் குறைவு. அரிசித் தவிட்டில் ஒரு கிலோவைக் குறைத்து, அந்த இடத்தில் கோதுமைத் தவிடு சேருங்கள். சோயாத் தூளையும் இரண்டு தவிட்டையும் ஒன்றாகக் கலந்து, கை பொறுக்கும் சூட்டிலுள்ள தண்ணீர் விட்டுப் புட்டு மாவுக்கும் களிக்கும் இடைப்பட்ட பதத்தில் பிசைந்து, ஒரு தேசிக்காயைப் பிழிந்து, மூடி, அடுப்படியின் வெப்பத்தில் ஆறு முதல் எட்டு மணி நேரம் வைத்திருங்கள். இலேசான புளிப்பிலும் சூட்டிலும் நொதி வேலை செய்து கொஞ்சம் பொஸ்பரஸையும் நாகத்தையும் விடுவிக்கும். இதற்கு மேல் வைத்தால் கெட்ட வாடை வரும்.

பைட்டேஸ் என்ற பெயரில் இதே நொதியைத் தூளாக விற்கிறார்கள். கிலோ தீனிக்கு 500 முதல் 1,000 அலகு வரை சேர்ப்பது வழக்கம். கோழிக்கும் திலாப்பியாவுக்கும் அது இரைப்பையில் வேலை செய்யும். இரைப்பை இல்லாத, குளிர்ந்த தண்ணீரில் கிடக்கும் கெண்டையின் குடலில் அதே பலன் வராது. அதனால் கெண்டைத் தீனியில் அதை மேலே சொன்ன ஊறவைக்கும் கட்டத்திலேயே கலக்க வேண்டும். கொதிக்கும் தண்ணீர் பட்டால் நொதி செத்துவிடும். எவ்வளவு விடுபட்டது என்பதை வீட்டில் அளக்க முடியாது, எனவே எம்.சி.பி. அளவைக் கெண்டைக் குஞ்சுக்குக் குறைக்க வேண்டாம்.

ஆறாம் படி: நுண்சத்துகள்

தவிடும் சோயாவும் மிகுந்த தீனியில் நாகம்தான் முதலில் குறைபடும். கெண்டையின் அடிப்படைத் தேவை கிலோ தீனிக்கு 15 மி.கி., திலாப்பியாவுக்கு 20 மி.கி. ஆனால் பைட்டேற்றும் கல்சியமும் அதைப் பிடித்துக்கொள்வதால் 60 முதல் 80 மி.கி. சேர்ப்பதே நடைமுறை. மங்கனீசு 15 முதல் 20 மி.கி., இரும்பு 30 முதல் 40 மி.கி., செம்பு 3 முதல் 5 மி.கி., அயடீன் ஒன்று முதல் 1.5 மி.கி., செலனியம் 0.2 மி.கி. என்று வைத்துக்கொள்ளுங்கள். எல்லாம் ஒரு கிலோ தீனிக்கு.

இவற்றைத் தனித்தனியாக வாங்கி வீட்டில் நிறுக்க முயல வேண்டாம். 10 கிலோ தீனிக்கு நாக சல்பேற்று மூன்றரை கிராமளவு, அதையாவது நகைக்கடைத் தராசில் நிறுக்கலாம். செலனியம் இரண்டே இரண்டு மில்லிகிராம். தேவைக்கும் நஞ்சுக்கும் இடையே தூரம் குறைந்த பொருள் அது, கைத்தவறு மீனைக் கொல்லும். தயாராகக் கலந்து விற்கும் கனியுப்புப் பிரீமிக்ஸ் வாங்குங்கள். மீனுக்கென்று கிடைக்காவிட்டால் இறைச்சிக் கோழிக்கு விற்பதைப் பாவிக்கலாம். பொதியின் பின்பக்கம் ஸிங்க், மங்கனீசு, செலனியம், அயடீன் என்று அளவோடு அச்சிட்டிருக்க வேண்டும். மேலேயுள்ள அளவோடு ஒப்பிட்டு எத்தனை கிராம் என்று தீர்மானியுங்கள். முட்டைக் கோழிக்கு விற்கும் பொதி வேண்டாம். ஓட்டுக்காக அதில் சுண்ணாம்பே பெரும் பங்கு, அது நாகத்தை மறித்து, நீங்கள் தடுக்க நினைத்த கண் நோயையே கொண்டுவரும்.

தேயிலை இலைக்குத் தெளிக்கும் ஸிங்க் சல்பேற்றைத் தீனியில் போடலாமா என்று கேட்பவர்கள் உண்டு. கூடாது. பசளைத் தரத்தில் ஈயம், கட்மியம் போன்ற அழுக்கு இருக்கலாம், அந்த மீனை உங்கள் பிள்ளைகள்தான் சாப்பிடப் போகிறார்கள்.

கறியுப்பு 10 கிலோவுக்கு 30 கிராம் போதும். மீன் தூளுக்குப் பதில் நெத்தலிக் கருவாடு இடித்துப் போட்டால் உப்பே சேர்க்க வேண்டாம், கருவாட்டையும் கழுவிக் காயவைத்து இடியுங்கள். கடை உப்பில் அயடீன் இருந்தாலும் இந்த 30 கிராமில் வருவது மீன் தேவையின் சிறு துளிதான். மெக்னீசியத்தைப் பற்றிக் கவலை வேண்டாம், தவிட்டில் வேண்டிய மட்டும் இருக்கிறது. மீன் தூள் 15 சதவீதம் இருக்கும் தீனியில் கல்சியமும் போதும். மீன் தூளே இல்லாமல் செய்தால் மட்டும், மென்மையான தண்ணீருக்கு 10 கிலோவுக்கு 100 கிராம் சுண்ணாம்புக்கல் தூள் சேருங்கள்.

ஏழாம் படி: கலப்பதும் காய வைப்பதும்

ஐந்து கிராம் பிரீமிக்ஸை 10 கிலோவில் ஒரேயடியாகப் போட்டால் ஒரு மீனுக்கு மிகுதியாகவும் ஒன்பது மீனுக்கு ஒன்றுமில்லாமலும் போகும். முதலில் 250 கிராம் கோதுமை மாவில் பிரீமிக்ஸையும் எம்.சி.பி.யையும் உப்பையும் போட்டு மூன்று தடவை சலியுங்கள். அதை ஒரு கிலோ புண்ணாக்கில் கலந்து, பிறகு மீன் தூளில், கடைசியாக ஊறிய தவிட்டுக் கலவையில் சேருங்கள். மிச்ச மாவைத் தண்ணீரில் கரைத்துக் கூழாகக் காய்ச்சி, இளஞ்சூட்டுக்கு ஆறியபின் ஊற்றிப் பிசையுங்கள். கூழ்தான் ஒட்டுப் பசை. பசை பலமில்லாவிட்டால் எம்.சி.பி. கரைந்து தண்ணீருக்குப் போய்விடும், மீனுக்குப் போகாது.

விற்றமின் பொதியைக் கனியுப்போடு ஒரே டப்பாவில் வைக்காதீர்கள். செம்பும் இரும்பும் விற்றமின் சி-யை அழித்துவிடும். கடைசியாக, மா ஆறியபின், எண்ணெயோடு சேர்த்துக் கலப்பது நல்லது.

இடியப்ப உரலில் பிழிந்து காய வைக்கலாம். வெயில் இருந்தால் ஒரு நாள். மூடுபனி மாதங்களில் மூன்று நாளானாலும் காயாது, பூஞ்சணம் பிடிக்கும். அடுப்புக்கு மேல் பரணில் தட்டில் பரப்பி உலர்த்துங்கள். அதுவும் முடியாதபோது உலர்ந்த பொருட்களை மட்டும் கலந்து பேணியில் வைத்துக்கொண்டு, இரண்டு நாளுக்கு வேண்டியதை மட்டும் பிசைந்து உருண்டையாகக் கொடுங்கள். கசந்த அல்லது பச்சை பூத்த புண்ணாக்கை மலிவு என்று வாங்காதீர்கள், அதன் நஞ்சுக்கு எந்தக் கனியுப்பும் மாற்றில்லை.

தீனியை ஒரு தட்டில் வைத்துக் கயிற்றில் இறக்குங்கள். இருபது நிமிடத்தில் தின்று முடிக்கும் அளவே கொடுக்க வேண்டும். தண்ணீர் 24, 25 பாகை இருந்தால் ஒரு நாளைக்கு மீன் எடையில் 3 சதவீதம். 20 பாகையில் 1.5 முதல் 2 சதவீதம். 15 பாகைக்குக் கீழே மீன் கேட்டால் மட்டும், அதுவும் நண்பகலில்.

எல்லாக் குளத்துக்கும் இது வேண்டுமா

வேண்டாம். சதுர மீட்டருக்கு ஒரு மீன் என்று ஐதாக விட்டு, எரு போட்டுத் தண்ணீர் பச்சையாக நிற்கும் மண் குளத்தில், கெண்டை புழுவும் பூச்சியும் நுண்ணுயிரும் தின்று தன் கனியுப்பைத் தானே தேடிக்கொள்ளும். அங்கே டொலமைட்டும் தவிடும் போதும். சீமெந்துத் தொட்டி, நீர்த்தேக்கக் கூடு, நெருக்கி விட்ட குளம் ஆகியவற்றில்தான் மேலே சொன்ன அத்தனையும் தேவை. அங்கே மீனுக்கு உங்கள் கையைத் தவிர வேறு கதியில்லை.

எட்டாம் படி: குறையைக் கண்ணால் கண்டுபிடிப்பது

கிழமைக்கு ஒரு தடவை பத்து மீனை வலையில் எடுத்துப் பாருங்கள்.

தீனி தின்கிறது, வளரவில்லை. வயிற்றை வெட்டினால் குடலைச் சுற்றி வெள்ளைக் கொழுப்பு. செவுள் மூடியும் மண்டையோடும் விரலுக்கு மெதுவாக அழுந்துகின்றன. நெற்றி பிதுங்கியோ முதுகு வளைந்தோ இருக்கிறது என்றால் பொஸ்பரஸ். வளைந்த முதுகுக்கு விற்றமின் சி குறையும் காரணமாகலாம். பழைய தீனியைக் கொடுத்திருந்து, செதிலடியிலோ துடுப்படியிலோ இரத்தக் கசிவும் தெரிந்தால் விற்றமினைச் சந்தேகியுங்கள்.

இரண்டு கண்ணிலும் பால் போல வெண்மை, பல மீனில் ஒரே நேரத்தில், கூடவே துடுப்பு அரிப்பு என்றால் நாகம். மங்கனீசுக் குறையிலும் கண் வெளுக்கும், உடம்பு கட்டையாகி வால் கோணும். ஓரிரு மீனில் ஒற்றைக் கண் மட்டும் வெளுத்திருந்தால் அது அடிபட்டதாகவோ ஒட்டுண்ணியாகவோ இருக்கலாம், தீனியை மாற்ற அவசரப்படாதீர்கள். செவுள் வெளிறினால் இரும்புக் குறை என்று உடனே முடிவு கட்ட வேண்டாம், செவுள் ஒட்டுண்ணியை முதலில் பாருங்கள். தொண்டைக்கு அடியில் சிவந்த வீக்கம் அயடீன் குறையைக் காட்டும். மீன் சோம்பி, தீனியை விட்டு, தொட்டதும் வலிப்பு வந்தாற்போல் துடித்தால் மெக்னீசியம். தவிடு தின்கிற மீனுக்கு இது அரிது.

தீனியைத் திருத்தியபின் புதிதாக வளரும் எலும்பு சரியாக வரும். ஏற்கெனவே கோணிய மீனைத் தனியே பிரித்துவிடுங்கள், முட்டைக்கு வைக்காதீர்கள்.

குறையென்று தோன்றி நஞ்சாக முடியும் சில

கொப்புள நோய்க்குத் தேயிலையில் செம்பு மருந்து தெளிக்கும் காலத்தில் மேட்டு மலையிலிருந்து வரும் தண்ணீரை நிறுத்திவிடுங்கள். கடினத் தண்ணீரில் மீன் தாங்கும் செம்பு அளவு மென்மையான தண்ணீரில் கொன்றுவிடும். தீனியில் மில்லிகிராம் கணக்கில் வேண்டிய அதே செம்புதான் செவுளில் பட்டால் நஞ்சாகிறது. பாசி ஒழிக்கத் துருசு (செம்பு சல்பேற்று) போடும் யோசனையையும் இங்கே மறந்துவிடுங்கள்.

புதுத் தகரக் கூரையிலிருந்து விழும் மழைத் தண்ணீரை நேரே குஞ்சுத் தொட்டிக்கு விடாதீர்கள். நாகப்பூச்சு புளிப்பு மழையில் கரையும். புதுச் சீமெந்துத் தொட்டியை நிரப்பி, மூன்று நான்கு நாள் வைத்து, தண்ணீரைக் கொட்டுங்கள். பி.எச். 8.5க்குக் கீழே வரும்வரை அப்படியே திரும்பத் திரும்பச் செய்யுங்கள். சீமெந்தின் சுண்ணாம்பு கல்சியம் கொடுக்கும் என்று நம்பி உடனே குஞ்சு விட்டால் அன்றிரவே இழப்பீர்கள்.

ஒரு கொப்பி வைத்து, ஒவ்வொரு மாதமும் கடினத்தன்மை, காரத்தன்மை, காலைப் பி.எச்., தண்ணீர் வெப்பம், பத்து மீனின் எடை, எந்த மூட்டைத் தீனி, எத்தனை கிராம் எம்.சி.பி. என்று எழுதுங்கள். மாவட்டத்து நக்டா (தேசிய நீருயிரின வளர்ப்பு அபிவிருத்தி அதிகாரசபை) விரிவாக்க அலுவலரிடம் போகும்போது அந்தக் கொப்பியையும், கோணிய மீன் இரண்டை ஐஸ் போட்டும் கொண்டுபோனால் அவர் ஊகிக்க வேண்டியதில்லை.